ஒன்பது ஐம்பத்தெட்டு, பத்து ஐந்து

இன்று காலை அலுவலகத்தில் ஒரு பழைய லைப்ரரியைப் புதுப்பித்தோம். தேதியையும் நேரத்தையும் ஒப்பிட்டு, எது முந்தி எது பிந்தி என்று வரிசைப்படுத்தித் தருகிற லைப்ரரி. யாரோ எங்கேயோ எழுதிச் சோதித்து வைத்த ஆயத்த நிரல், நாம் எடுத்துப் பயன்படுத்திக்கொள்வது. உனக்கு இதையெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை. புதியதைப் போட்டுவிட்டு, பழைய சோதனைகள் அத்தனையையும் ஓட விட்டேன். திரையில் பச்சை பச்சையாக வரிகள் இறங்கிக்கொண்டே வந்தன. நடுவில் ஒரே ஒரு சிவப்பு. அந்தச் சோதனைக்கு நீ வைத்த பெயர் அப்படியே இருந்தது. ஆங்கில எழுத்தில், நம் பாஷையில்: "பெரியவ மேல, சின்னவ கீழ."

பக்கத்து நாற்காலியில் இருந்த சுவாதி எட்டிப் பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. தமிழ் தெரியாது, தெலுங்குதான். "இதி எவரு ராசாரு மேடம்? தீசேத்தாமா?" என்றாள். யார் எழுதியது, எடுத்துவிடலாமா என்று.

"வத்து" என்றேன், வேண்டாம் என்று. நான் சொன்ன வேகத்தில் அந்தப் பெண் பயந்துவிட்டாள்.

எந்த ஊர் நேரம் என்று குறிப்பிடாத ஒரு நேரத்தையும், குறிப்பிட்டிருந்த ஒரு நேரத்தையும் ஒப்பிடச் சொல்லியிருந்தோம். பழைய லைப்ரரி அதைப் பொறுத்துக்கொண்டு ஏதோ ஒரு பதிலைச் சொல்லி வந்தது. புதியது, எனக்குத் தெரியாது என்று நின்றுவிட்டது. நீ இருந்திருந்தால் லைப்ரரியைத் திட்டியிருக்க மாட்டாய், மெச்சியிருப்பாய். பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டேன், சிவப்பு பச்சையானது. அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றேன். கீழே திருமலை அடிவாரத்து அலிபிரிக்குப் போகிற சாலையில் மொட்டை போட்ட ஒரு குடும்பம் ஐஸ் தின்றுகொண்டு போனது. திரும்பி வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாம் முதலில் பேசியது சண்டையில்தான், நினைவிருக்கிறதா? அதற்கு முன் இரண்டு வாரம் ஒரே பேருந்தில் வந்துகொண்டிருந்தோம். நீ நகரியில் ஏறுவாய், நான் புத்தூரில். ஒரே அலுவலகம் என்று தெரிந்தும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து வருவோம். நான் நிரல் எழுத வந்தவள், நீ அதில் தப்புக் கண்டுபிடிக்க வந்தவள். எட்டுப் பேர் இருந்த அந்த மாடியில் எல்லோரும் தெலுங்கில் பேசிக்கொண்டிருக்க, என் மேசை முன்னால் வந்து நின்று நீ தமிழில் கேட்டாய்.

"ஏங்க, பிப்ரவரி முப்பதுன்னு போட்டேன். வாங்கிக்கிச்சி. உங்க ஊர்ல பிப்ரவரிக்கு முப்பது நாளா?"

எனக்குச் சுருக்கென்றது. "அத்த யாருங்க போடப் போறாங்க?" என்றேன்.

"நான் போட்டேன்ல" என்றாய்.

மறுநாள் புத்தூரில் நான் ஏறியபோது உன் பக்கத்து இருக்கையில் உன் பை இருந்தது. நீ பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி, "உக்காருங்க, சும்மா மொறச்சிக்கினு நிக்காதீங்க" என்றாய். அதற்கப்புறம் ஏழு வருடம் அந்த இருக்கை எனக்கு இருந்தது. வாங்க போங்க எல்லாம் ஒரு வாரத்தில் உதிர்ந்துபோய் வாடீ போடீ ஆகிவிட்டது. உன் அப்பா, நம் நைனா, விசைத்தறி வைத்திருந்தார். சின்ன வயதிலிருந்து தறிச் சத்தத்துக்கு மேலே குரல் எழுப்பிப் பேசிப் பேசி, நீ பேருந்தில் ரகசியம் சொன்னாலும் டிரைவர் வரைக்கும் கேட்கும்.

சித்தூரில் ஒரு சிறிய பிரசவ மருத்துவமனைக்கு நாம் மென்பொருள் செய்துகொடுத்ததை நான் எழுதாமல் இருக்க முடியாது. அதில் பிறந்த நேரத்தை நான் வெறும் எழுத்தாகச் சேமித்து வைத்தேன். நம் முதலாளி சார் அவசரப்படுத்தினார் என்பது உண்மை. எனக்குச் சோம்பல் என்பதும் உண்மை. திரையில் நர்சு என்ன தட்டுகிறாரோ அதை அப்படியே எடுத்து வைத்துவிட்டேன். வரிசைப்படுத்தினால் சரியாக வருவதுபோலத்தான் இருந்தது, ஏனென்றால் நான் போட்டுப் பார்த்த நேரங்கள் எல்லாம் மதியத்துக்கு மேற்பட்டவை.

நீ போட்டுப் பார்த்தது வேறு. ஒன்பது ஐம்பத்தெட்டு, பத்து ஐந்து. பத்து ஐந்து மேலே வந்து நின்றது. எழுத்தாகப் பார்க்கும்போது கணினி இடப்பக்கத்து முதல் எழுத்தைத்தான் முதலில் ஒப்பிடும். பத்தின் முதல் எழுத்தான ஒன்று, ஒன்பதுக்கு முந்தியது. ஆகவே பத்து மணிக்குப் பிறந்தது, ஒன்பது மணிக்குப் பிறந்ததற்கு முன்னால்.

அதைத் தவறென்று நீ பதிந்தாய். கீழே காரணமும் எழுதியிருந்தாய்: இரட்டைக் குழந்தை பிறந்தால் மாறும்.

நான் சிரித்தேன். "ரெட்டப் புள்ள பொறக்கணும், அதுவும் பத்து மணிக்கு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு பொறக்கணும். நடக்கிற கதையாடீ?" என்று சொல்லிவிட்டு, இது தவறல்ல என்று குறித்து மூடிவிட்டேன். நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். அப்புறம் அடுத்த வேலைக்குப் போய்விட்டாய். அன்று மாலை பேருந்தில் நீ அதிகம் பேசவில்லை. நான் அதை வெயில் அசதி என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது மாதம், ஒருநாள் பகல் பதினோரு மணி வாக்கில், சித்தூரிலிருந்து அந்த மருத்துவமனையின் தலைமை நர்சு சாருக்குப் போன் செய்தார். சார் போனைக் காதில் வைத்தபடியே நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வைத்ததும் ஒரு வார்த்தைதான் கேட்டார். "டுவின்ஸ். டைம் ஆர்டர். யார் பார்த்தது?"

நீ எழுந்து பையை எடுத்து மாட்டிக்கொண்டாய். "நாங்க போய்ப் பாத்துட்டு வரோம் சார்" என்றாய். நான் எழுந்திருக்கிற வரைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

சித்தூர் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது. ஊருக்குள் நுழைகிறபோது மாம்பழக் கூழ்த் தொழிற்சாலைகளின் வாசனை பேருந்துக்குள் வந்து நிறைந்தது. "ஏதாவது ஆயிருந்தா?" என்று மட்டும் கேட்டேன். "போய்ப் பாப்போம்" என்றாய். வேறெந்த ஆறுதலும் நீ சொல்லவில்லை. தெரியாததைச் சொல்ல உனக்கு வராது.

அந்த சிஸ்டரை என்னால் மறக்க முடியாது. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, நம்மைக் குழந்தைகள் அறைக்கு நேராகக் கூட்டிப் போனார். இரண்டு தொட்டில். ஒன்றில் கொழுகொழு என்று ஒரு பெண், மற்றதில் மெலிந்து, விரல் விரலாக ஒரு பெண்.

"நீங்களே பாருங்கம்மா. இந்தப் பாப்பா கைப்பட்டியில ஒண்ணுன்னு கீது. பிரசவ ரூம்ல நான் என் கையால கட்டினது. மொதல்ல பொறந்த பாப்பா. உங்க பேப்பர்ல ஒண்ணு எதுன்னு பாருங்க. எட கம்மியான பாப்பா. டாக்டர் கம்ப்யூட்டர பாத்து ஒண்ணாம் பாப்பாவுக்கு ஊசின்னு எழுதிட்டாரு. சின்னதுக்குத்தான் ஊசி. பேப்பர எடுத்துக்கினு நான் பட்டிய பாத்து வந்தா, கையில கீறது பெரிசு."

"போட்டுட்டீங்களா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"மருந்த ஊசியில ஏத்திக்கினு வந்துட்டேன். பாப்பாவ தூக்கினேன் பாரு, அப்ப என் கை சொல்லிச்சி, இது ஊசி போடற கனம் இல்லியேன்னு. கீழ வெச்சிட்டேன். வேற யாராச்சும் புதுசா வந்த கொத்தப் பொண்ணு டியூட்டில இருந்தா போட்டிருப்பா. தப்பு சொல்ல முடியுமா அவள?"

நீ சிஸ்டரின் முகத்தைப் பார்த்துச் சொன்னாய். "எங்க தப்பு சிஸ்டர். குடுக்கறதுக்கு முன்னாடியே இது தெரியும். தெரிஞ்சும் விட்டுட்டோம். மன்னிச்சிக்கோங்க."

தெரியும் என்று நீ சொல்லியிருக்க வேண்டியதில்லை. சார் கேட்டிருந்தால் உன்னை வேலையிலிருந்து எடுத்திருக்கக்கூடும். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எத்தன பேரு எங்க தப்பில்லன்னு சொல்லிக்கினு வருவாங்க தெரியுமா" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டார்.

குழந்தைகளின் அம்மா பக்கத்து அறையில் படுத்திருந்தார். நம்மைவிட ஒன்றிரண்டு வயதுதான் பெரியவராக இருப்பார். கையில் நம் மென்பொருள் அச்சடித்துக் கொடுத்த தாளை வைத்திருந்தார். "இன்னாமா இது, பெரிய பொண்ணு யாரு சின்னப் பொண்ணு யாருன்னு மாத்திப் போட்டுக்கீறீங்களாமே? எங்க வீட்டுக்காரரு ஊர் பூரா போன் பண்ணிச் சொல்லிட்டாரு" என்றார். கோபமாகக்கூட இல்லை, குழப்பமாக.

நீ கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாய். அவர் முகத்துக்கு நேராக உன் முகம் வர. "அக்கா, நீங்க சொல்லுங்க. மொதல்ல எந்தக் குரலு கேட்டுச்சி?"

அவர் யோசித்தார். "பெரிய குரலு. வீலுன்னு. அப்பறம் ரொம்ப நேரம் ஒண்ணுமே கேக்கல. எல்லாரும் ஓடிக்கினு கீறாங்க, எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல. செத்துப் பொயச்சேன். அப்பறம் பூன கத்தற மாதிரி ஒண்ணு."

"அவ்ளோதான் அக்கா. அதான் சரி. எங்க கம்ப்யூட்டரு உங்ககிட்ட கத்துக்கட்டும்."

நடுவில் ஏழு நிமிடம், நீ போட்டுப் பார்த்த அதே இடைவெளி. எழுத்தாக வைத்திருந்தபோது அது எனக்கு எண்ணிக்கைகூட இல்லை. அந்தப் பெண்ணுக்கு அது என்னவாக இருந்தது என்று அந்த அறையில்தான் தெரிந்துகொண்டேன்.

திரும்பும்போது பேருந்தில் கேட்டேன். "நான்தானடீ மூடினேன். ஏன் எங்க தப்புன்னு சொன்ன?"

"நீ மூடின. நான் திரும்பித் தொறக்கல. தொறந்திருக்கணும். உங்கிட்ட சண்ட போட்டா பேச மாட்டியோன்னு பயந்துட்டேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். "இனிமே சண்ட போடுவேன். பேசாட்டிப் போ."

போட்டாய். அந்த மாதம் முழுக்கப் போட்டாய். நேரத்தை எழுத்தாக வைப்பதை நிறுத்திவிட்டு, லைப்ரரியிடம் ஒப்படைத்தோம். அதில் ஒவ்வொரு நேரமும் ஏதோ ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து எண்ணிய எண்ணாக இருக்கும். இரண்டைக் கொடுத்தால் மூன்றில் ஒரு பதில் சொல்லும்: இது முந்தியது, இது பிந்தியது, இரண்டும் ஒன்றே. இத்தோடு தீர்ந்தது என்று நான் நினைத்தேன். நீ உன் சொந்தப் பிறந்த நேரத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாய்.

"நான் பொறந்தது விடியற்கால நாலு மணி. உன் புரோகிராமு என்னிய ஒரு நாள் முன்னாடியே பெத்துப் போட்டுடுச்சி. எங்கம்மாவக் கேட்டா சும்மா இருப்பாங்களா?"

நம் தகவலைச் சேமித்து வைக்கிற கணினி இருந்தது வேறு நாட்டில். நம் ஊர் நேரத்துக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். விடிகாலையில் பிறக்கிற பிள்ளைகள் எல்லாம் அங்கே முந்தின நாள் பிள்ளைகளாகிவிடுகிறார்கள். தேதியை மட்டும் பிரித்தெடுத்து ஒப்பிட்டால் நட்சத்திரமே மாறிவிடும். அதையும் சரிசெய்தோம்.

அப்புறம் நீ ஒரே நேரத்தை இரண்டு குழந்தைகளுக்கும் போட்டாய். அறுவைச் சிகிச்சையில் ஒரே நிமிடத்தில் இரண்டையும் எடுத்துவிட்டால்? லைப்ரரி, ஒன்றே என்றது. வரிசையில் ஏதாவது ஒன்று மேலே வந்துதானே ஆக வேண்டும், யார் பெயர் முதலில் தட்டப்பட்டதோ அது மேலே வந்தது. எனக்கு அது போதுமென்று பட்டது. உனக்குப் போதவில்லை.

"சமம்னு தெரிஞ்சிக்கினே ஏன் ஒண்ண முன்னால தள்ற? நர்சம்மாவ கேளு. அவங்களுக்குத் தெரியும். உனக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு, அசிங்கம் ஒண்ணும் இல்ல."

அப்படித்தான் அந்தத் திரையில், யார் முதலில் என்று நர்சைக் கேட்கிற ஒரு சின்னப் பெட்டி வந்தது. இன்று வரை இருக்கிறது. சிவப்பாகி நின்ற அந்தச் சோதனையை நீ எழுதியதும் அந்த வாரத்தில்தான்.

அதற்குப் பின் வந்த வருடங்களை எழுதினால் முடியாது. உன் டப்பாவிலிருந்து நான் எடுத்துத் தின்ற காரச்சட்னி இட்லி எத்தனை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களைப் பற்றி நீ பேருந்து முழுக்கக் கேட்கும்படி சொன்ன அபிப்பிராயங்கள் எத்தனை. நல்லவேளை, நீ வேண்டாம் என்று சொன்னவரை நான் கட்டிக்கொள்ளவில்லை.

உனக்கு வயிற்று வலி வந்தது ஒரு மாசி மாதம். வாயு என்றாய். நகரியில் ஒரு மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்ன இடத்தில் ஸ்கேன் எடுத்தாய். சின்னதாக ஏதோ தெரிகிறது, பார்க்கலாம் என்றார்கள். அடுத்து திருப்பதியில் வேறொரு இடத்தில் ஒன்று. அதற்குள் உன் அண்ணன் கல்யாணம் வந்துவிட்டது. முடியட்டும் என்று தள்ளிப் போட்டாய். பெரிய மருத்துவமனைக்கு வேலூர் போக நாள் குறித்தபோது ஜூன் ஆகிவிட்டது.

போவதற்கு முன் உன் காகிதங்களையெல்லாம் கோப்பில் அடுக்கித் தருகிறேன் என்று நகரி வந்தேன். மாலை நேரம். நீ கட்டிலில் சாய்ந்திருந்தாய், பக்கத்து அறையில் நைனாவின் தறி ஓடிக்கொண்டிருந்தது. தேதி பார்த்து ஒவ்வொன்றாக அடுக்கினேன். அப்போதுதான் அது என் கண்ணில் பட்டது. ஏப்ரல் மாத ரிப்போர்ட்டில் கட்டி பெரிதாக இருந்தது. 03/05 என்று தேதி போட்டிருந்த ரிப்போர்ட்டில் சின்னதாக இருந்தது. மே மூன்று. அப்படியென்றால் கட்டி கரைந்துகொண்டு வருகிறது.

நான் கத்தினேன். "அடியே, கொறஞ்சிக்கினு வருதுடீ!" இரண்டு தாளையும் உன் முன்னால் நீட்டினேன். நீ பார்த்தாய். அதற்குள் நைனா தறியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். பஞ்சு ஒட்டிய கையோடு தாளை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த ஆங்கிலத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "கொறயுதாம்மா? மெய்யாலுமா?" என்று என்னைக் கேட்டார். "ஆமா நைனா, நீங்களே பாருங்க, ஏப்ரல் மாசத்துக்கு மே மாசம்" என்று விரல் வைத்துக் காட்டினேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் ஜாங்கிரி வாங்கி வந்தார். "துன்னு கண்ணு, துன்னு" என்று உனக்கு ஊட்டினார். நீ ஒரு துண்டு வாங்கிக்கொண்டாய். சிரித்துக்கொண்டுதான் இருந்தாய்.

மறுநாள் காலை எனக்குப் போன் செய்தாய்.

"அந்த ரெண்டு ரிப்போர்ட்ட மனசுல வெச்சி யோசி. மே மூணாந்தேதி எங்க அண்ணன் கல்யாணம். நீ பந்தியில சாம்பார் ஊத்திக்கினு இருந்த. நான் எங்க போய் ஸ்கேன் எடுத்தேன்?"

நகரியில் எடுத்த அந்த இடத்து எந்திரம் மாதத்தை முதலில் அச்சடிக்கிறது. 03/05 என்பது மார்ச் ஐந்து. சின்னது முதலில், பெரியது பின்னால். தேதியை எப்படிப் படிப்பது என்று கேட்காமல் ஒப்பிடாதே என்று வருடக்கணக்கில் உன்னிடம் திட்டு வாங்கியவள் நான். உன் உயிர் விஷயத்தில் கேட்காமல் ஒப்பிட்டேன்.

"எப்பத் தெரிஞ்சிது உனக்கு?"

"நீ பேப்பர நீட்டினப்பவே."

"ஏன்டீ அப்பவே சொல்லல? பிப்ரவரி முப்பதுக்குச் சண்ட போட்டவதான நீ?"

"நைனா எப்டி ஓடியாந்துச்சி பாத்தியா? அந்த மொகத்துல சிரிப்பு வந்து எத்தன மாசம் ஆவுது. ஒரு நாளு இருக்கட்டும்னு விட்டுட்டேன். உன் மேல தப்பு இல்ல, அழாத. இன்னிக்கி நானே சொல்லிடறேன் நைனாகிட்ட."

சொல்லிவிட்டாய் என்று மறுநாள் தெரிந்துகொண்டேன். எப்படிச் சொன்னாய் என்று கேட்டபோது, "தறி ஓடிக்கினு கீறப்பவே பக்கத்துல போய் நின்னு சொன்னேன். அவரு நிறுத்தல. அழுதா வெளிய கேக்காதுல்ல" என்றாய்.

வேலூர் மருத்துவர் காகிதங்களைப் பார்த்துச் சொன்னதும் அதையேதான், கட்டி வளர்ந்துகொண்டிருக்கிறது என்று. சித்தூர் வழியாக எத்தனை முறை போய் வந்தோம். ஒருமுறை சித்தூர் பேருந்து நிலையத்தில் நிற்கும்போது, "அந்த ரெட்டப் புள்ளங்க இப்ப ஸ்கூலுக்குப் போவும் இல்ல?" என்று கேட்டாய். தலைமுடி கொட்டிய தலையில் துணி கட்டியிருந்தாய். பார்க்கிறவர்கள் திருமலை போய் வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் பிரசாதம் கேட்டார். நீ சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன். அடுத்த தையை நீ பார்க்கவில்லை.

போன மாதம் நகரிக்குப் போயிருந்தேன். நைனா தறியைப் பாதி நேரம்தான் ஓட்டுகிறார். உன் போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். சார்ஜ் போட்டுப் போட்டு வைத்திருக்கிறார். "இதுல கீற போட்டோவெல்லாம் அச்சடிச்சி ஒரு ஆல்பமா போட்டுக் குடும்மா. வரிசையா. பொறந்ததுலேந்து கடசி வரைக்கும்" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து பார்த்தோம். போன் எடுத்த தேதி வரிசையில் காட்டியது. அலுவலகம், பேருந்து ஜன்னலில் நம் இரண்டு பேர் முகம், கல்யாணப் பந்தி, வேலூர் வராந்தா, துணி கட்டிய தலை. அதோடு முடியும் என்று நினைத்து நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். முடியவில்லை. அதற்கப்புறமும் படங்கள் வந்தன. கல்லூரி வாசலில் நீ. பாவாடை தாவணியில் நீ. பள்ளிச் சீருடையில் நீ. அம்மா இடுப்பில் நீ. வீட்டிலிருந்த பழைய ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகத் திருப்பி, ஒவ்வொன்றையும் உன் போனில் படம் பிடித்திருக்கிறாய். பல படங்களின் ஓரத்தில் உன் விரல் நிழல் விழுந்திருக்கிறது.

"நைனா, இது மாறி வந்துடுச்சி. சின்ன வயசு போட்டோவெல்லாம் கடசில போயி நிக்குது. நான் மாத்தி அடுக்கிடறேன்" என்றேன்.

அவர் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "இத்தெல்லாம் எப்பம்மா புடிச்சா?"

"மார்கழில. ஆஸ்பத்திரில போதும்னு சொல்லி அனுப்பினதுக்கு அப்பறம்."

அவர் கட்டைவிரலால் ஒரு படத்தைத் தள்ளினார், திரும்ப இழுத்தார்.

"அப்ப சரியாத்தாம்மா கீது. கடசியா அவ இத்தத்தான பாத்துக்கினு இருந்தா. அப்டியே போடு."

அப்படியே போட்டேன். ஒரு படத்தைக்கூட இடம் மாற்றவில்லை. நைனாவுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, எனக்கென்று ஒன்று எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். பையிலேயே இருக்கிறது, பேருந்தில் எடுத்துப் பார்ப்பேன். கடைசிப் பக்கத்தில் உனக்கு ஆறு வயது. நூல்கண்டுக் குவியல் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறாய். முன்பல் இரண்டும் இல்லை. வாய் திறந்து, யாரையோ சத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாய்.